மூன்று பேருக்குப் போட்ட கணக்கு

மகன் கம்பெனியை மூடி மிஷின்களை விற்ற மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எல்லோரும் உலகம் சுற்றப் போகிறோம் என்றான். பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அது. ஆர்டர் குறைந்துகொண்டே வந்ததால், கையைச் சுடுவதற்கு முன்னால் நிறுத்திக்கொண்டான். கட்டடத்தை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டான். மிஷின் விற்ற பணம் பேங்கில் கிடந்தால் ஆறு மாதத்தில் மறுபடியும் மிஷின் வாங்கத்தான் கை போகும், அதற்குள் ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்றான்.

"இருவது வருசமா அந்த ஊருக்கெல்லாம் பெட்டி அனுப்பறேன். ஒரு ஊரையும் பாத்ததில்ல. பாப்பாவுக்கு ஒரு வருசம் படிப்புப் போனாப் போகுது" என்று மருமகளைப் பார்த்துச் சொன்னவன், என் பக்கம் திரும்பினான். "அம்மா, நீங்களும் வர்றீங்ளா?"

"எனக்கென்னத்துக்குச் சாமி? நீங்க போயிட்டு வாங்க."

"சரிங்கம்மா" என்று லேப்டாப்பைத் திறந்தான். அவ்வளவுதான் பேச்சு.

எங்கள் பக்கத்தில் யார் எதைக் கேட்டாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வோம். ஒரம்பரை, சொந்தபந்தம் வீட்டுக்குப் போனால் சாப்பிட்டுப் போங்க என்பார்கள். இப்பத்தான் சாப்பிட்டோமுங்க என்போம், வயிறு காய்ந்துகொண்டிருக்கும். இரண்டாம் தடவை கேட்பார்கள், அப்போதும் வேண்டாம் என்போம். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இலைக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். ஒரு தடவையோடு விட்டவர்களை, மனசில்லாமல் கேட்டார்கள் என்று திரும்பி வரும் வழியில் பேசிக்கொள்வோம். என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்குவதற்குக்கூட மூன்று தடவை கேட்டுத்தான் வாங்கினார்.

அவர் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. அப்போதிருந்து எனக்கு எதிலும் பிடிப்பில்லை. அழுகையும் இல்லை. குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே சாப்பிட்டு எழுந்துவிடுவேன். வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாது அல்லவா, உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. பொங்கலுக்கு எடுத்த சேலையைப் பிரிக்காமலே பீரோவில் வைத்திருந்தேன்.

அப்படி இருந்தவளுக்கு அன்றைக்கு, போகணும் என்று இருந்தது. பதினெட்டு வருஷம் அந்தக் கம்பெனியில் செக்கிங் டேபிளில் உட்கார்ந்து பனியனில் நூல் பிசிறு வெட்டியிருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு யாராவது ஒருத்தர் தெருவில் நடந்து போவதைப் பார்க்கணும். பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. ஆனால் நான்கு வருஷத்தில் நான் வேண்டும் என்று நினைத்தது அது ஒன்றுதான். மகன் இரண்டாம் தடவை கேட்பான் என்று காத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு கணக்குப் போட உட்கார்ந்தார்கள். பனியனுக்கு விலை சொல்லுவதற்கு அவன் ஒரு காஸ்டிங் ஷீட் வைத்திருந்தான். நூல் என்ன விலை, துணி நெய்ய எவ்வளவு, சாயம், தையல் கூலி, வேஸ்டேஜ் என்று வரிசையாக இருக்கும். அதிலேயே நூல் இருந்த இடத்தில் விமான டிக்கெட்டையும், தையல் கூலி இருந்த இடத்தில் தங்கும் செலவையும் போட்டு வைத்திருந்தான்.

"ஏனுங்க, மேல பீஸ் மூணுன்னு இருக்குது?" என்றாள் மருமகள்.

"பழைய ஷீட்டுல்ல? ஆளுன்னு மாத்தோணும்."

"அப்பா, நான் முழுப் பீஸா, அரைப் பீஸா?" என்றாள் பேத்தி.

"பன்னண்டு முடிஞ்சா முழு டிக்கெட்டு. நீ முழுப் பீஸ்தான் கண்ணு."

"வேஸ்டேஜ் அஞ்சு பர்சென்ட் எதுக்குங்க? அங்க போயித் துணியா வெட்டப் போறோம்?"

"நீ கடைக்குள்ள போனீன்னா அஞ்சு பத்தாது."

"ஆமாங்க. நீங்க சாம்பிளுன்னு வாங்கிப் பீரோவுல அடைச்சு வெச்சிருக்கறீங்களே, அது எத்தன பர்சென்ட்டுங்க?"

மூவரும் சிரித்தார்கள். நான் டீயைக் கொண்டுபோய் வைத்தேன். மகன் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து "அம்மா" என்றான். எடுத்த தட்டோடு அப்படியே நின்றேன்.

"சக்கரை பத்தலீங்கம்மா."

போய்ச் சர்க்கரை எடுத்துவந்தேன்.

எட்டு மாதப் பயணம் என்று முடிவானது. ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தான். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள், இங்கிலீஷ் வராது. ஆனால் கடைசியில் ஒரு வரியைத் தமிழில் அடித்திருந்தான். 'அம்மா, சேவூர், எட்டு மாதம்' என்று இருந்தது. சேவூரில் என் தங்கை வீடு இருக்கிறது. என்னை அங்கே விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. மாத்திரை, பால், கண் டாக்டர் என்று எதையும் மறக்காமல்தான் போட்டிருந்தான். குறை சொல்ல முடியாது. இரண்டு தடவை படித்துவிட்டு மேஜையைத் துடைத்தேன்.

தங்கை போன் பண்ணினாள்.

"ஏனுங்கக்கா, நீங்க போகலியாமா?"

"எனக்கென்னத்துக்கு?"

"அதைய எங்கிட்டச் சொல்லாதீங்க. எத்தன வாட்டி கேட்டான்?"

"ஒருக்கா."

"ஒருக்காவா! அவன் வெள்ளக்காரங்கூட மெயில்லயே பேசிப் பழகுனவனுங்கக்கா. அவுங்க வேண்டாமுன்னா வேண்டாந்தான். நீங்க சொன்னதையும் அப்படியே ஃபைல்ல போட்டிருப்பான்."

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"வாயத் தொறந்து கேளுங்க. இல்லீன்னா எட்டு மாசம் எங்கூட்டு எருமைக்குச் சோளத்தட்டுப் போட்டுட்டுக் கெடங்க. எனக்கும் ஒரு ஆள் மிச்சம்."

நானாகப் போய் எப்படிக் கேட்பது? மாமியார் வீட்டில் இரண்டாம் கரண்டிச் சோறு கேட்டறியாதவள் நான். இது விமானம்.

அந்த வாரத்திலேயே, மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கும்போது மருமகள் கேட்டாள்.

"அத்தை, நெசமாவே வரலீங்ளா? மனசுல இருந்தாச் சொல்லிப்போடுங்க."

"அட இல்ல அம்மிணி. இந்த முட்டிக்கால வெச்சுட்டு எங்க வாறது?"

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அது இரண்டாவது. அவள் முகத்தைப் பார்த்தேன், இன்னொரு தடவை கேட்பாள் என்று. "அதுஞ்சரிதானுங்க" என்று துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். நான் கிளிப்புகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன். வருத்தப்பட்டேனா என்றால், அதுவும் தெரியவில்லை. முட்டிக்கால் அன்றைக்கு வலிக்கக்கூட இல்லை.

பத்து நாள் கழித்து டிக்கெட் ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். தலை நரைத்த, எங்கள் பக்கத்து ஆள்தான். அன்றைக்கே முன்பணம் கட்டினால்தான் அந்த விலை என்றார். காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"மொத்தம் எத்தன பேருங்க?"

"மூணு பேருங்க" என்றான் மகன்.

நான் காப்பித் தட்டோடு அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். "நாலு" என்றேன்.

மகன் காதில் விழவில்லை. ஏஜென்ட் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா நாலுங்கறாங்களே?"

"இல்லீங்க. அவுங்களுக்கு வேண்டாமுங்க. கேட்டுட்டேன்."

"ஒருக்காத்தான் கேட்டே" என்றேன். யாரோ பக்கத்தில் நின்று சொல்வது போலக் கேட்டது.

ஏஜென்ட் சிரித்துவிட்டார். "ஒருக்காக் கேட்டா யாருங்க வர்றேம்பாங்க? எங்கூட்டுல காப்பிக்கே மூணு வாட்டி கேக்கோணும். ஆனா எனக்கு ஒரே வாட்டி போதும், குடுங்கம்மா" என்று தட்டிலிருந்து டம்ளரை எடுத்துக்கொண்டார்.

மகன் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு லேப்டாப்பை இழுத்து, மூன்று இருந்த கட்டத்தில் நாலு என்று அடித்தான். மற்ற கட்டங்கள் எல்லாம் தானாக மாறின. கீழே வந்த மொத்தத்தைப் பார்த்து மருமகள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள். வாடகைப் பணம், மிஷின் பணம் எல்லாம் சேர்த்தாலும் எட்டவில்லை. எட்டு மாதத்தை ஆறாக்கினார்கள். அப்படியும் செலவு கையிலிருந்த பணத்தை மிஞ்சியது. இந்த ஊர் போகட்டும், அந்த ஊர் போகட்டும் என்று இருவரும் மாற்றி மாற்றி அடித்தார்கள். கடைசியில் பெரிய தொகையாக ஒன்று நின்றது. பூமியின் அடிக்கோடியில் இருக்கும் பனிக்கடலுக்குக் கப்பலில் போய்ப் பென்குவின் பார்ப்பது. பேத்தி கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே இடம் அது. அதை எடுத்தால் கணக்குச் சரியாக நின்றது.

"அப்பாயிதான் வேண்டாமுன்னாங்கல்ல! நீங்களுந்தான கேட்டீங்க!" என்று பேத்தி கத்தினாள்.

அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. நான் காலித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அழுவது காதில் கேட்டது. எனக்கு நெஞ்சில் ஒன்றும் செய்யவில்லை. செய்திருக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

மகன் என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"அம்மா, பணம் கட்டிட்டாத் திரும்பி வராது. நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க. வர்றீங்ளா?"

மகன், மருமகள், இப்போது மறுபடியும் மகன். கணக்குப்படி அது மூன்றாவது. ஆனால் அப்போதும் என் வாயில் 'எனக்கென்னத்துக்கு' என்பதுதான் முதலில் வந்து நின்றது. அதை விழுங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏஜென்ட் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"வர்றேன்."

ஏஜென்ட் எழுதிக்கொண்டார். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு மாதத்துக்குள் எடுத்துவிட்டால் போதும், அதுவரை என் சீட்டை மட்டும் பணம் கட்டாமல் பிடித்து வைக்கலாம் என்றார்.

அவர் போன பிறகு, "சந்தோசங்ளா அத்தை?" என்றாள் மருமகள். அவள் கோபமாகக் கேட்கவில்லை.

"தெரியல அம்மிணி" என்றேன்.

பேத்தி என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டாள், குழம்பு வேண்டுமானால் அவள் அம்மாவிடம் கேட்டாள். நான் வரவில்லை, நீ கப்பலில் போய் வா என்று அவளிடம் சொல்லிவிட இரண்டே வார்த்தைதான் வேண்டும். காலையில் அவள் பல் விளக்கும்போது கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சாயங்காலம் அவள் அறைக்குள் மடித்த துணியை வைக்கப் போனபோதும் நின்றேன். சொல்லவில்லை. இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள், பிரிக்காமல் வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு, பாஸ்போர்ட் வேலைக்காக மகனோடு அவிநாசிக்குப் போனேன்.