கடிதத்தின் இரண்டாம் பக்கம்

சபையில் ஜெபக் குறிப்புச் சீட்டு கேட்டால் காய்ச்சல், கல்யாணம், பிள்ளைக்கு வேலை என்று எழுதிப் போடுவோம். "எனக்குப் பொறாமை, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவரும் எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. நானும் கொடுத்ததில்லை. ஆனால் ஆண்டவர் என்னைக் கைபிடித்துத் தூக்கியது அந்தக் குழியிலிருந்துதான். அன்பானவர்களே, இத்தனை வருடம் கழித்து வெட்கத்தை விட்டு அதைச் சொல்கிறேன்.

கொச்சியில், மட்டாஞ்சேரி லைன் வீட்டில் எங்கள் கதவுக்கு அடுத்த கதவு ஹெலனுடையது. என் அப்பா பஜார் ரோட்டு கிடங்குகளில் சுக்கு மூட்டையும் மிளகு மூட்டையும் சுமந்தவர். அவள் அப்பாவுக்கு முனிசிபாலிட்டியில் ஓடை சுத்தம் செய்யும் வேலை. இரண்டு வீடும் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவை, ஒரே தமிழ்ச் சபை. நானும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிறகு ஒரே போட்டில் காயல் கடந்து எறணாகுளம் போய், பள்ளிக்குப் பிந்தைய இரண்டு வருடப் பிரீடிகிரியையும் ஒன்றாகப் படித்தோம். ஏதோ ஒரு பணக்கார வீட்டுப் பெண் என்னை முந்தியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. என்னோடு குழாயடியில் குடம் வைத்து நின்றவள் முந்தினாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

1983-ல் எண்ட்ரன்ஸ் ரிசல்ட் வந்தது. ஹெலனுக்கு மெடிசின், ஆலப்புழையில். எனக்குப் பல். அந்த ஞாயிறு ஆராதனையில் போதகர் எழுந்து, நம் சபைப் பிள்ளை ஹெலன் டாக்டருக்குப் படிக்கப் போகிறாள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லி ஒரு பாட்டுப் பாட வைத்தார். பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு, "செல்விக்கும் பல் மருத்துவத்தில் இடம் கிடைத்திருக்கிறது" என்றார். அந்த "க்கும்" என் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கியது. அன்று மத்தியானம் அம்மா வைத்த சோற்றை நான் தொடவில்லை.

பல் மருத்துவத்துக்குத் திருவனந்தபுரத்திலோ கோழிக்கோட்டிலோ சேரலாம் என்றார்கள். திருவனந்தபுரம்தான் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். பழைய காலேஜ், நாகர்கோவில் சொந்தங்களும் பக்கம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்போது ஹெலன் ஓடி வந்தாள். திருவனந்தபுரம் பஸ் ஆலப்புழை வழியாகத்தானே போகும், நாம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போகலாம், நான் பாதியில் இறங்கிக்கொள்வேன், நீ மேலே போ என்றாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு வயிறு எரிந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் டாக்டராக இறங்கிப் போவாள், நான் பல்லோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நிமிடமே கோழிக்கோடு என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில், அது புதுக் காலேஜ், நன்றாகச் சொல்லித் தருவார்கள் என்று அளந்தேன். காலேஜ் தேர்ந்தெடுப்பது எப்படி என்று சபைப் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்கும்போது, ஒரு பஸ்ஸுக்குப் பயந்து நான் தேர்ந்தெடுத்த கதையை மட்டும் சொல்வதில்லை.

கோழிக்கோடு போன முதல் வாரத்திலேயே என் கெட்டிக்காரத்தனத்தின் சாயம் வெளுத்துவிட்டது. அனாட்டமி வகுப்பு மெடிசின் பிள்ளைகள் படிக்கிற இடத்திலேயே நடந்தது. எந்த வெள்ளைக் கோட்டைப் பார்க்கப் பிடிக்காமல் ஓடினேனோ, அதைப் போட்டுக்கொண்டு படிக்கட்டு நிறைய ஹெலன்கள் ஏறி இறங்கினார்கள்.

பாரமோ சொல்லி மாளாது. காலையில் பாடம், பிறகு பிணத்தை அறுத்துப் பார்க்கிற வகுப்பு, மத்தியானம் மெழுகுக் கட்டியில் பல் செதுக்க வேண்டும். சாயங்காலம் இங்கிலீஷ் புத்தகத்தோடு மல்லுக்கட்டு. மலையாள மீடியத்தில் படித்து வந்தவள் நான். மூன்று பக்கம் தாண்ட டிக்‌ஷனரியை முப்பது தடவை புரட்டுவேன். ஒரு கடைவாய்ப் பல்லை மூன்று நாள் செதுக்கிக் கொண்டுபோய் நீட்டினேன். சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது பல்லா, கப்பைக்கிழங்குத் துண்டா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அனாட்டமி முதல் டெஸ்டில் தோற்றேன். சாப்பாடு இறங்கவில்லை. விரல் நுனியெல்லாம் கத்தி கிழித்த காயம்.

வீட்டுக்குக் கடிதம் எழுதுவதில் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. அம்மா கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்தவள், தமிழ் மட்டும்தான் வாசிப்பாள். எனக்குத் தமிழ் பேச வரும், பாட்டுப் புத்தகத்தைத் தட்டுத் தடுமாறி வாசிக்க வரும், எழுத வராது. அதனால் நான் மலையாளத்தில் எழுதுவேன். சின்ன வயதிலேயே வந்து மலையாளம் படித்த அப்பா அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார். அம்மா பென்சிலால் தமிழில் நாலு வரி பதில் போடுவாள். அந்த நாலு வரியில் ஒரு வரி கட்டாயம் ஹெலனுக்கு. ஹெலன் சனிக்கிழமை வந்தாள். ஹெலன் தண்ணீர் பிடித்துத் தந்தாள். ஹெலன் டெஸ்டில் நல்ல மார்க். வருடத்துக்கு இரண்டு தடவை மட்டுமே நான் பார்க்க முடிகிற என் அம்மாவை அவள் வாராவாரம் பார்த்தாள். மெடிசினும் அவளுக்கு, என் அம்மாவும் அவளுக்கு.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹாஸ்டல் அறைத் தோழிகள் மெஸ்ஸுக்குப் போயிருந்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். முதல் பக்கத்தில் என் பாடு முழுவதும் எழுதி, எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம், வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றேன். இரண்டாம் பக்கம் முழுவதும் ஹெலன். அவளுக்கு என்ன பெரிய புத்தி, அதிர்ஷ்டத்தில் கிடைத்த சீட் அது. உங்களுக்குத் தண்ணீர் பிடித்துத் தருவதெல்லாம் நடிப்பு, வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். அவள் தோற்று வந்து நிற்பதைப் பார்த்தால்தான் என் மனம் ஆறும். இப்படியே போயிற்று. முதல் பக்கத்தில் அங்கங்கே அடித்தல் திருத்தல் இருந்தது. இரண்டாம் பக்கத்தை முத்து முத்தாக எழுதியிருந்தேன்.

கடிதத்தை ஒட்டிவிட்டு முழங்காலில் நின்றேன். அதே விஷத்தைத்தான் ஜெபமாகவும் சொன்னேன். ஆண்டவரே, அவளைக் கீழே இறக்கும், இல்லாவிட்டால் என்னை மேலே தூக்கும், இரண்டில் ஒன்று செய்யாவிட்டால் நான் இனி உம்மிடம் பேசப் போவதில்லை. ஆமென் கூடச் சொல்லவில்லை. எழுந்து போய்க் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பார்சல் வந்தது. மேலே அம்மாவின் பென்சில் துண்டு: "இப்போது வராதே. அப்பா சொல்கிறார், கிறிஸ்துமஸுக்கு வா, பேசிக்கொள்ளலாம். நீ கேட்டது இதில் இருக்கிறது." உள்ளே ஒரு தடித்த நோட்டு. அட்டையைத் திறந்தவுடன் கையெழுத்து தெரிந்துவிட்டது. ஹெலனுடைய அனாட்டமி நோட்டு.

நான் எங்கே கேட்டேன்? என் அம்மா என் பேரைச் சொல்லி அவளிடம் போய்க் கையேந்தியிருக்கிறாள் என்று நினைத்தேன். மகாராணி தானம் அனுப்பியிருக்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நோட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஒரு வாரம் அது அங்கேயே கிடந்தது. அடுத்த டெஸ்டுக்கு நாலு நாள் இருந்தபோது, தலையும் கழுத்தும் பாடத்தில் ஒரு வரி கூட மண்டையில் ஏறாமல், வேறு வழியில்லாமல் அதை இழுத்து எடுத்தேன்.

உறுப்புப் பெயர்கள் இங்கிலீஷில். நடுநடுவே மலையாள எழுத்தில் எங்கள் வீட்டுத் தமிழ். முகத்துக்குப் போகிற ஐந்தாம் நரம்பைப் பற்றி இப்படி எழுதியிருந்தாள்: "தோப்பும்படி ஜங்ஷனை நினைச்சுக்கோ. நரம்பு அங்க வந்து மூணு ரோடாப் பிரியுது. பாலம் ஏறி எறணாகுளம் போறது கண்ணுக்கு. நம்ம மட்டாஞ்சேரிக்கு வர்றது மேல் தாடைக்கு. தெக்க பள்ளுருத்திக்குப் போறதுதான் பெரிய ரோடு, அது கீழ்த் தாடைக்கு. நீ பல்லுக்காரி, உனக்குப் பள்ளுருத்தி ரோடு முக்கியம். ஒவ்வொரு ஸ்டாப்பா இறங்கிப் பாரு." அதற்குக் கீழே கன்னம், நாக்கு, கீழ்ப்பல் என்று பஸ் ஸ்டாப் மாதிரி கோடு போட்டுக் காட்டியிருந்தாள்.

கோழிக்கோடு வந்த பிறகு நான் முதல் தடவையாகச் சிரித்தேன். சிரிப்பு வந்த கோபத்தில் அழுதேன். இந்தப் பக்கங்கள் அவளுடைய வகுப்பு நோட்டு அல்ல என்பது புரிந்தது. எனக்கென்றே உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். அப்போதும் பொறாமைதான் பட்டேன். நரம்பைக் கூட இவ்வளவு சுலபமாகப் புரிந்துகொள்ள இவளால்தான் முடிகிறது என்று.

டெஸ்டில் வாய்மொழிக் கேள்வியாகக் கீழ்த் தாடை நரம்பே வந்தது. கண்ணை மூடிப் பள்ளுருத்தி பஸ்ஸில் ஏறினேன். ஒரு ஸ்டாப் விடாமல் சொன்னேன். பாஸாகிவிட்டேன். மெழுகு விஷயத்தில் அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. என் பல் பல்லாக ஆவதற்குப் பிப்ரவரி ஆயிற்று. ஆனால் பெட்டியைக் கட்டும் எண்ணம் போய்விட்டது.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தேன். அப்பா தடித்த கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். அக்டோபர் தொடக்கத்தில் கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். என் படிப்பு கெட்டுவிடும் என்று எனக்குச் சொல்லவில்லை. நான் கடிதம் போட்டதும் அதே அக்டோபரில்தான் என்று மனதில் கணக்கு ஓடியது. அப்படியானால் என் கடிதத்தை யார் வாசித்தது என்று கேட்டேன்.

"வேற யாரு, ஹெலன்தான்" என்றாள் அம்மா. "அப்பாக்கு ஆபரேஷன் கழிஞ்சு கண்ணுல கட்டுல்லா. சனிக்கிழமை அவ வந்து வாசிச்சா. நீ கஷ்டப்படுறத கேட்டு எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு மக்ளே."

இரண்டாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன்.

"நீ எழுதினது உனக்கே மறந்து போச்சா? ஹெலன் பக்கத்துல இல்லாதது கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு, அவகிட்ட அனாட்டமி நோட்டு வாங்கி அனுப்புங்கம்மான்னு எழுதியிருந்தியே. எனக்கு ஆறலன்னு இன்னொருக்க வாசிக்கச் சொன்னேன். வாசிச்சா. அந்த வாரம் அவளுக்கும் டெஸ்டு. எங்க பக்கத்துல உக்காந்து உனக்குன்னு எழுதித் தந்துட்டுதான் பஸ் ஏறினா."

அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்துத் தந்தாள். இரண்டாம் பக்கம் நான் எழுதியது எழுதியபடியே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, என் அம்மாவின் முகத்துக்கு நேராக, அதில் இல்லாத வரிகளை ஹெலன் வாசித்திருக்கிறாள். இரண்டு தடவை, வார்த்தை மாறாமல்.

அடுத்த கதவுக்குப் போக எனக்கு அரை நாள் ஆயிற்று. ஹெலன் அடுக்களையில் இருந்தாள். கடிதத்தை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை.

"ரெண்டாம் பக்கம் உன் எழுத்து ரொம்ப மோசம்டீ" என்றாள். "ஒண்ணும் மனசிலாகல. அதான் நானா என்னமோ வாசிச்சேன். சாயா எடுக்கட்டா?"

முத்து முத்தாக எழுதிய பக்கம் அது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாயா பொங்கி அடுப்பு அணைந்துபோனதை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் சபையின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, அக்டோபரில் விட்டுப்போன ஆமெனைச் சொல்லப் போனேன். சொல்ல முடியவில்லை. நான் அன்று கேட்டது அவளுடைய வீழ்ச்சியை. எனக்கு வந்தது அவளுடைய நோட்டு. அப்போதுதான் புரிந்தது. ஹெலன் என் கடிதத்தை வாசித்த மாதிரியே ஆண்டவரும் என் ஜெபத்தை வாசித்திருக்கிறார். எழுதியிருந்ததை விட்டுவிட்டு, நான் எழுதியிருக்க வேண்டியதை வாசித்திருக்கிறார்.

படித்து முடித்துப் பள்ளுருத்தியிலேயே கிளினிக் வைத்தேன். கீழ்ப்பல் பிடுங்க மரத்துப்போகும் ஊசி போடும்போதெல்லாம் தோப்பும்படியிலிருந்து பஸ் ஏறித்தான் அந்த நரம்புக்குப் போகிறேன். பொறாமை அடியோடு ஒழிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஹெலன் வீட்டு நல்ல செய்தி வந்தால் இன்றைக்கும் உள்ளே ஒரு சுருக் உண்டு. ஆனால் இப்போது அதை மூடி மறைப்பதில்லை. சுருக்கென்றவுடன் அவளுக்காக ஜெபிக்கிறேன், அல்லது அவளுக்கே போன் போடுகிறேன்.

பிரியமானவர்களே, உங்கள் மனதிலும் ஒரு பெயர் குத்திக்கொண்டிருக்கலாம். நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திருந்து ஜெபிக்காமல் இருந்துவிடாதீர்கள். இருக்கிற அழுக்கோடு அவர் கையில் கொடுங்கள். அவருக்கு வாசிக்கத் தெரியும்.

இந்தச் சாட்சியை எழுதியதும் ஹெலனுக்குப் போன் செய்து முழுவதும் வாசித்துக் காட்டினேன். அந்த இரண்டாம் பக்கத்தை, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, இருந்தது இருந்தபடி அவள் காதில் சொன்னேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"இப்ப மனசிலாச்சுடீ."