யாரு உனக்குச் சொன்னா?

காலையில் வந்ததும் எங்கள் அலுவலக அக்கா ஒரு காலை மடக்கி நாற்காலியில் போட்டு உட்கார்ந்து, திரையை முறைத்துப் பார்த்துக் கேட்கிறார்: “யாரு உனக்குச் சொன்னா?”

கேள்வி எனக்கல்ல, தேதியையோ விலையையோ தப்பாகக் காட்டிக்கொண்டு நிற்கும் ஏதோ ஒரு சின்னப் பெட்டிக்கு. இணையப் பக்கங்கள் கட்டும் எங்கள் அலுவலகத்தில் இந்தக் கேள்வியாலேயே அவருக்கு ‘விசாரணை’ என்று பெயர் விழுந்துவிட்டது. வயது நாற்பத்தாறு. வாடிக்கையாளர்கள்கூட “விசாரணை மேடம் இருக்காங்களா?” என்றுதான் போன் செய்கிறார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை என்றே நினைக்கிறேன்.

நான் பக்கத்து மேசை. அவர் கட்டியதைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை.

ஒரு பக்கம் என்பது பெரிய பகுதிக்குள் சின்னப் பகுதிகள். காம்பொனென்ட் என்போம். பெரியது தாய், உள்ளே இருப்பது பிள்ளை. இதில் அவருக்கு ஒரே சட்டம். “தாய் கொடுக்குறத பிள்ளை வாங்கிக் காட்டலாம். தன்னிஷ்டத்துக்குத் திருத்தக் கூடாது. மாத்தணுமா, தாய்கிட்ட சொல்லு. அவ மாத்தித் திரும்பக் கொடுப்பா. இதுல என்ன கம்பசூத்திரம் இருக்கு?” பிள்ளை எப்படிச் சொல்லும்? அதற்கென்று தாய் முன்கூட்டியே ஒரு கட்டளையைப் பிள்ளையிடம் கொடுத்துவைக்கும். எங்களிடையே அதற்குப் பெயர் ‘மணி’. பட்டனை யாராவது அமுக்கினால் பிள்ளை மணியை அடிக்க வேண்டும், தாய்க்குக் கேட்கும்.

எழுதிய நிரல் வரிகளை வாய்விட்டுப் படிப்பார். தாய்க்குக் கட்டைக்குரல், பிள்ளைக்குக் கீச்சுக்குரல். புதிதாக வருபவர்கள் முதல் வாரம் பயப்படுவார்கள். இரண்டாவது வாரம் அவர்களும் கீச்சுக்குரலில் படிப்பார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். கல்யாணமான புதிதில் கணவர், பேருந்து ஓட்டுநர், “நீ இன்னைக்கு அழகா இருக்கே” என்றாராம். “யாரு சொன்னா?” என்று இவர் கேட்டுவிட்டார். “நான்தான் சொல்றேன்” என்று அந்த மனிதர் பாவமாக நின்றதை இரண்டு மகள்களும் நடித்துக் காட்டுவார்கள். இவர்தான் முதலில் சிரிப்பார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. கைவிடப்பட்ட நாய், பூனைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்றுக்குப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். கூரை இற்றுப்போய், திங்களன்று பிரிக்கப் போகிறார்கள். அதற்குள் முப்பத்து நான்கு ஜீவன்களுக்கும் வீடு கிடைத்தாக வேண்டும். கிடைக்காதவற்றை எங்கோ ஒரு கிடங்கில் கூண்டுக்குள் அடைப்பதைத் தவிர வழியில்லை. ஒவ்வொன்றுக்கும் திரையில் ஓர் அட்டை: படம், குணம், ‘நான் வளர்க்கிறேன்’ என்று ஒரு பட்டன். உச்சியில் ‘வீடு கிடைத்தவை’ என்று ஓர் எண். காலை எட்டுக்குப் பக்கம் திறந்தது.

பதினொன்றுக்குக் காப்பகத்து அம்மா போன் செய்தார். “ஆயிரம் பேர் வந்து பாத்திருக்காங்க. ஒருத்தருக்குக்கூட மனசு வரலையேம்மா. இன்னும் சைபர்தான்.”

“படத்தப் பாத்து உச்சுக் கொட்டுவாங்க. வீட்டுக்கா கூட்டிட்டுப் போவாங்க? ஜனங்க அவ்ளோதான்” என்றார் எங்கள் மேனேஜர்.

“அவ்ளோதான்னு யாரு சொன்னா?” என்றபடி இவர் பக்கத்தைத் திறந்தார்.

‘கடிக்கும்’ என்று நேர்மையாக எழுதியிருந்த ஒரு சாம்பல் பூனையின் பட்டனை அமுக்கி, சோதனைக்கு ஒரு பெயரும் போன் எண்ணும் கொடுத்தார். ‘நன்றி! பதிவாகிவிட்டது’ என்றது அட்டை. உச்சியில் சைபர் அசையவில்லை. முந்தின நாள் அந்த நன்றியை மட்டும் பார்த்துவிட்டு ‘சரி’ என்று குறித்தவன் நான்தான்.

அவர் படிக்க ஆரம்பித்தார். “இந்தா, மணிய வச்சுக்கோ” என்றது கட்டைக்குரல். “பட்டன அமுக்கிட்டாங்க, மணி எங்க?” என்றது கீச்சுக்குரல். இரண்டுக்கும் நடுவே, அட்டைகளை வரிசையாக அடுக்குவதற்கென்று இன்னொரு பகுதி உண்டு. அதன் முறை வந்ததும் அவர் வாய் நின்றது. அது மணியை மேலேயிருந்து வாங்கியிருந்தது. கீழே அட்டைக்குக் கொடுக்கவில்லை. அடிக்க மணியில்லாத அட்டை, தானாகவே நன்றி சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த வரியை எழுதியது யார் என்பது திரையின் ஓரத்திலேயே தெரியும். எட்டிப் பார்த்தேன். அவர் பெயர்.

எழுந்து நின்றார். அறைக்கே கேட்கும்படி, “தப்பு என்னுது” என்றார். “ஜனங்க சொல்லிட்டுத்தான் இருந்திருக்காங்க. நான்தான் காதுல விழாம பண்ணிட்டேன்.”

“நானும்தான் பாக்கலக்கா.”

“சரி, ரெண்டு பேரும் அப்புறமா சேர்ந்து அழலாம். இப்ப உக்காரு.”

திருத்தம் ஒரே ஒரு சொல். ஆனால் காலையில் அமுக்கியவர்கள்? பெயரையும் எண்ணையும் அட்டை அவரவர் போனிலேயே சேமித்துவைத்திருந்தது. மறுபடி பக்கத்தைத் திறந்தால் அதைத் தாயிடம் சொல்லிவிடும்படி ஏழெட்டு வரிகள் எழுதினார். நான் இந்த முறை உச்சியில் இருந்த எண்ணை இமைக்காமல் பார்த்துச் சோதித்தேன். பிறகு காப்பகத்துக்குப் போன் போட்டார். “எல்லாரையும் இன்னொரு தடவ அந்தப் பக்கத்தத் திறக்கச் சொல்லி அறிவிப்பு போடுங்கம்மா. தப்பு எங்களுதுன்னும் சேர்த்துப் போடுங்க.”

பன்னிரண்டேகாலுக்கு எண் ஒன்றானது. யாரோ விசிலடித்தார்கள். பிறகு மூன்று. பிறகு ஒரே தாவலில் ஒன்பது. யாரும் சாப்பிடப் போகவில்லை. மேனேஜரே எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று ஏலக்காரரைப் போல “பதினேழு! பத்தொன்பது!” என்று கூவினார். சாம்பல் பூனைக்கு மூன்று பேர் போட்டி. “கடிக்கும்னு எழுதியும் மூணு பேரா!” என்று இவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மூன்று மணிக்கு முப்பத்து நான்கு.

காப்பகத்து அம்மா திரும்பக் கூப்பிட்டார். “நான் என்னத்தச் சொல்ல, நீங்களே கேளுங்க” என்று போனைக் கூண்டுகள் பக்கம் நீட்டிவிட்டார் போலிருக்கிறது. குரைப்புச் சத்தம் என் மேசை வரை கேட்டது. இவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு என் காதில் வைத்தார். பிறகு நேரே நடந்துபோய் மேனேஜர் காதில் வைத்தார். அவர் சிரித்துக்கொண்டே போதும் போதும் என்று கையாட்டினார். இவர் எடுக்கவில்லை, கடைசி நாய் குரைத்து முடிக்கும்வரை, போனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.