கிளையை எங்கே அவிழ்ப்பது

எட்டாம் வகுப்போடு கன்னிவாடியை விட்டுக் கிளம்பியவன் நான். பல ஊர் சுற்றி, எண்பதுகளின் தொடக்கத்தில் வடகவுஞ்சியில் ஒரு கிழங்கு வியாபாரியிடம் சேர்ந்திருந்தேன். அவருடைய சைக்கிளில் மூட்டையை ஏற்றி, ஜீப் பாதை வழியாகக் கீழே லாரி வந்து நிற்கும் கிட்டங்கிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தச் சரிவில் பிரேக்கை நம்பி யாரும் இறங்க மாட்டார்கள். கேரியரின் பின்னால் ஒரு தைலமரக் கிளையைக் கட்டித் தரையில் இழுபட விடுவோம். அது வண்டியைப் பிடித்துக்கொள்ளும். சமதளம் வந்ததும் அவிழ்த்து ஓரமாகப் போட்டுவிடுவோம்.

அந்த வருடம் மாதா கோயில் திருவிழாவுக்கு வாலிபர் சங்கத்தார் இதே பாதையில் சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். பரிசு ஒரு புதுச் சைக்கிள். அதுவரை எனக்குச் சொந்தமாக இருந்த பெரிய பொருள் ஒரு கம்பளிதான். சைக்கிள் கிடைத்தால் வியாபாரியின் வண்டிக்காக வியாபாரியோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மிளகு பறிக்கும் காலத்தில் ஆடலூர், அது முடிந்தால் வேறெங்காவது போகலாம். இரண்டு வாரமாக எனக்கு வேறு நினைப்பில்லை.

ஆளுக்கு ஒரு கிழங்கு மூட்டை. மூட்டையோடு முதலில் கிட்டங்கிக்குப் போய்ச் சேர்பவருக்குப் பரிசு. கிளை கட்டித்தான் புறப்பட வேண்டும். எங்கே வேண்டுமானாலும் அவிழ்க்கலாம், மறுபடி கட்டக்கூடாது. சீக்கிரம் அவிழ்த்தால் வேகம். ரொம்பச் சீக்கிரம் அவிழ்த்தால் பள்ளம். முந்தின நாள் பாதை முழுக்க நடந்து பார்த்து, கடைசிச் சரிவின் அடியில் இருக்கும் ஓடையைத் தாண்டித்தான் அவிழ்ப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

ஆறு பேர் நின்றோம். பக்கத்தில் நின்றவர் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துக்காரர், எஸ்டேட்டில் வேலை. எல்லோருக்கும் அவர் ‘சிலோன்’தான். அந்த மலையில் எனக்குச் சமமாக வண்டி இறக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

“என்னாங்க கன்னிவாடி, கெளய எங்க அவுப்பீங்க?” என்றார்.

“ஒங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் அவுக்கணுமாக்கும். சோலியப் பாருங்க.”

“கோவிக்காதீங்க. புதுச் சைக்கிள்ல ஒங்களயும் ஏத்திட்டுப் போறேன்.”

கூட்டம் சிரித்தது. விசில் ஊதினார்கள்.

மூன்றாவது வளைவுக்குள் மற்ற நாலு பேரும் பின்தங்கிவிட்டார்கள். சிலோன் எனக்கு முன்னால் போய் மஞ்சு மூட்டத்துக்குள் மறைந்தார். என் கிளை கல்லில் இழுபடும் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை. அவர் எவ்வளவு தூரத்தில் போகிறார் என்றே தெரியவில்லை.

ஓடைக்கு மேலே கடைசிச் செங்குத்துச் சரிவு தொடங்கும் இடத்தில், பாதையின் குறுக்கே ஒரு கிளை கிடந்தது. இலை வாடவில்லை. சிலோன் இங்கேயே அவிழ்த்துவிட்டார் என்று நினைத்தேன். இனி அவரைப் பிடிக்க வேறு வழியில்லை. கை பின்னால் போய் முடிச்சை இழுத்துவிட்டது.

என் கிளை விழுந்ததும் சத்தம் நின்றது. அப்போதுதான் கேட்டது. கீழே, மஞ்சுக்குள், சரசரவென்று ஒரு கிளை இழுபட்டுக்கொண்டிருந்தது.

அவர் அவிழ்க்கவே இல்லை.

பிரேக்கை அழுத்தினேன். ரிம் நனைந்திருந்தது, கட்டை வழுக்கியது. செருப்புக் காலைத் தரையில் ஊன்றினேன். செருப்பு போயிற்று. அடுத்த நொடி சிலோனின் முதுகு தெரிந்தது. பாதை ஒரு ஜீப் அகலம். இடது பக்கம் பள்ளம்.

“ஓரம்! ஓரம்!” என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். “கெள எங்கய்யா?”

“அவுத்துட்டேன்!”

“மூட்டயத் தள்ளுங்க! வெரசாத் தள்ளுங்க!”

மூட்டைக்கும் அதே மாதிரி முடிச்சுதான். ஒரு இழுப்பு போதும். ஆனால் இழுத்தால் சைக்கிள் போச்சு. வளைவு இருபது அடியில் இருந்தது. அதில் பாதித் தூரம் நான் இழுக்கவில்லை.

பிறகு இழுத்தேன். மூட்டை உருண்டது. கனம் போனதும் வண்டி காலுக்கு அடங்கியது. மேட்டுப்பக்கம் ஒடித்து உண்ணிச்செடிப் புதருக்குள் போய் விழுந்தேன். சிலோன் வளைவில் திரும்பினார்; ஓடையைத் தாண்டிய பிறகுதான் அவருடைய கிளைச் சத்தம் நின்றது. நான் அவிழ்ப்பதாக இருந்த அதே இடம்.

உள்ளங்கால் தோல் உரிந்திருந்தது. கிழங்கைப் பொறுக்கிக் கட்டியபிறகு மேலே நடந்து போய், பாதையின் குறுக்கே கிடந்த அந்தக் கிளையைப் பார்த்தேன். அறுந்துபோன பழைய கயிறு ஒன்று அதில் இருந்தது. அன்று காலையில் வெள்ளனே சுமை இறக்கியவன் எவனோ, கயிறு அறுந்து விட்டுப்போனது.

மிளகுக் காலம் வந்தபோது கம்பளியைச் சுருட்டிக்கொண்டு ஆடலூருக்குக் கிளம்பினேன். நடந்துதான். முதல் வளைவில் பின்னால் புதுச் சைக்கிள் மணி அடித்தது. சிலோன்.

“ஏறுங்க. கீழ வரைக்கும் விட்டுர்றேன்.”

கேரியரில் உட்கார்ந்தேன். பின்னால் பார்த்தேன். கிளை இல்லை.

“எங்க, கெளயக் காணோம்?”

“அதான் ஒங்கள ஏத்திருக்கேனே. கால நல்லாத் தேச்சுக்கிட்டே வாங்க.”

உள்ளங்கால் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஊன்றிக்கொண்டேன்.