முதல் வோட்டும் மெஹந்திக் கையும்

நேற்று ஒரு மணப்பெண், இடது கையைச் சாறித் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டே மேடையில் இருந்தாள்.

மெஹந்தி போட்டது நான்தான். என் வேலையை ஒருத்தி ஒளித்துவைத்ததை முதல் தடவையாகப் பார்த்தேன்!

(கோணல்மாணலாகப் போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நன்றாகத்தான் போட்டிருந்தேன்.)

தெரியாதவர்களுக்கு: நான் தில்லையடியில் இருந்துகொண்டு கல்யாண வீடுகளுக்கு மெஹந்தி போடப் போகிறவள். மணப்பெண் எத்தாளை ஊர்ப் பிள்ளை. மாப்பிள்ளை வீடும் அதே ஊர்தான். பெயர்கள் வேண்டாம்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முந்திப் பிரதேச சபைத் தேர்தல் வந்தது. அவளுக்கு வாழ்க்கையிலேயே முதல் வோட்டு.

நான் ஃப்ரீயாக இருந்ததும் அந்த ஒரு நாள்தான். காலையிலேயே மெஹந்திக் கோன்களோடு போய் இறங்கினேன்.

"ராத்தா, இடக்கைச் சின்ன விரல மட்டும் விட்டுடுங்க. மை வைக்கணும்."

"அது மொட்டையா நிக்குமே புள்ள?"

"நிக்கட்டும் ராத்தா. முதல் வோட்டு!"

விட்டுவிட்டேன். கோன் காயுமுன்பே அவள் ஒரு படம் எடுத்தாள். பிறகு காய்ந்ததை உதிர்த்து, கை சிவந்து, பின்னேரம் உம்மாவோடு போய் வோட்டுப் போட்டுவிட்டு வந்தாள். மை வைத்த விரலோடு இன்னொரு படம் எடுத்தாள்.

இரண்டையும் ஸ்டேட்டஸில் வைத்தாள். "முதல் வோட்டு! முதல் கல்யாணம்! (இன்ஷா அல்லாஹ், கடைசியும் அதுதான்)"

முகம் இல்லை. எங்கள் பக்கத்து மணப்பெண்கள் முகத்தைப் போடுவதில்லை, கையை மட்டும்தான் போடுவார்கள். அது யாருடைய கை என்று கூட்டாளிமாருக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் முடிவு வந்தது. அந்த வட்டாரத்தில் ஒரு கட்சி கொஞ்ச வோட்டால் தோற்றுப்போனது.

மத்தியானம் அதே படங்கள் என் போனுக்கே வந்துவிட்டன!

யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வரிசையை மாற்றியிருந்தார்கள். முதலில் மை இருக்கிற விரல். அடுத்தது மை இல்லாத விரல்.

மேலே சிவப்பு எழுத்தில்: "வோட்டுப் போட்டார்! மையை அழித்தார்! மெஹந்தியைப் பூசிக்கொண்டு மறுபடியும் போனார்! எங்கள் வெற்றியை இப்படித்தான் களவெடுத்தார்கள்!"

வாசித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மை இல்லாத படத்தில் கோன் இன்னும் ஈரமாகக் கையில் நிற்கிறது. மை வைத்த படத்தில் அதே பூ, அதே கொடி சிவந்து போயிருக்கிறது. எது முந்தி, எது பிந்தி என்று ஒரு தடவை மெஹந்தி போட்டவளுக்கும் தெரியும். பெருநாளுக்குப் பெருநாள் வீட்டுக்கு வீடு போடுகிற ஊர் இது!

ஆனால் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

என்னிடம் வழக்கமாக மெஹந்தி போடுகிற ஒருவர் அந்தப் படங்களை ஷேர் பண்ணியிருந்தார். பொறுக்க முடியாமல் போனில் கோல் எடுத்தேன்.

"படத்தப் பாத்தா உங்களுக்கு விளங்கல்லயா?"

"விளங்கிச்சி ராத்தா. நம்மட ஆள் தோத்து எல்லாரும் கொதிச்சிக் கொண்டிரிக்கிறாங்க. இந்த நேரத்துல நான் போய்ப் பொய்யெண்டு சொன்னா, என்னய என்ன சொல்லுவாங்க?"

இதைக் கேட்டதும்தான் எனக்குச் சிரிப்பு நின்றது.

ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் நானே விளக்கமாக எழுதினேன். "நீங்க எந்தக் கட்சி?" என்று ஒருவர் கேட்டார். நான் பதில் எழுதுவதற்குள் அட்மின் என்னைத் தூக்கிவிட்டார். (கட்சியில் இல்லாதவளைக் குரூப்பிலும் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்!)

இதைவிடப் பெரிய கவலை பின்னேரம் வந்தது.

அந்தப் படங்களை எல்லாரையும்விட ஆவேசமாகப் பரப்பியவர் மாப்பிள்ளையின் அண்ணன், மூத்த நானா. தோற்ற வேட்பாளருக்காக வெயிலென்றும் பாராமல் அலைந்தவர். அது யாருடைய கை என்று அவருக்குத் தெரியாது.

படத்துக்கு மேலே அவர் எழுதியிருந்த வரி: "இந்தக் கள்ளியையெல்லாம் எந்தக் குடும்பம் மருமகளாக எடுக்கப்போகிறதோ!"

இரண்டு நாளில் எடுக்கப்போவது அவருடைய குடும்பம்தான்.

அவள் எனக்குக் கோல் எடுத்தாள்.

"ராத்தா, இத அழிக்க ஏலுமா?"

"மெஹந்தியயா?"

"ரெண்டயும்."

ஏலாது என்று சொல்லும்போது எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அவளுடைய வாப்பா அஸர் தொழுதுவிட்டு நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், "அது என்ட மகள்ட கை" என்று மட்டும் சொன்னாராம். அந்த நானாவின் முகம் செத்துப்போனதாம். அந்த இடத்திலேயே போனை எடுத்துப் பதிவை அழித்தார்.

அழித்துவிட்டு ஒரு வரி போட்டார்: "குடும்பக் காரணங்களால் பதிவு நீக்கப்படுகிறது."

அவ்வளவுதான். பொய் என்று போடவில்லை.

கீழே கமெண்ட்டில், "மிரட்டினாங்களா நானா?" "உண்மை எண்டாச் சுடும்தானே!" அதற்குள் படங்கள் முந்தல் ஊர் வரைக்கும் போய்விட்டன.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. சாப்பாடும் நல்லம் என்றார்கள்.

வாசலில் அந்த நானாவைக் கண்டதும் கேட்டேவிட்டேன்.

"நானா, அது பொய்யெண்டு ஒரு வரி போடுங்களன்."

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "போட்டா நம்மட பொடியன்மார்ட முகத்துல எப்பிடி முழிக்கிற? கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிதானே. விடுங்க தங்கச்சி."

கெட்ட மனுசர் இல்லை. எனக்கு அதுதான் இன்னும் வலிக்கிறது.

போய்வருகிறேன் என்று சொல்ல மணப்பெண்ணிடம் போனேன். கெமராக்காரர் கையைக் காட்டச் சொல்லிக் கேட்டுக் களைத்துப் போயிருந்தார்.

"மாப்பிள்ளட நானா வந்து சலாம் சொன்னாங்க ராத்தா. நல்லாத்தான் கதைச்சாங்க."

"மனசுல வெச்சிக்கொள்ளாத புள்ள."

"ஓம். வெச்சிக்கொள்ளல்ல. ஆனா இனி நான் வோட்டுப் போடப் போக மாட்டன்."

வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த வட்டாரத்தில் ஒரு வோட்டு களவுபோனது உண்மைதான், நண்பர்களே. இதை யாராவது ஷேர் பண்ணுவீர்களா?