வெறுங்கையோடு ஓர் அழைப்பு

காலை 7.10. மதுரையிலிருந்து முந்தின நாளே வந்து தங்கியிருந்தேன். சங்கரன்கோவிலில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு, குருவிகுளம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. என் கையிலிருந்த சுருட்டிய படங்களைப் பார்த்து கண்டக்டர் என்னவென்று கேட்டார். மனிதரும் விலங்குகளும் பேசிக்கொள்வதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப்போவதாகச் சொன்னேன்.

"அங்கன உள்ள பிள்ளைக ஆட்டோட வளருததுக. நீங்க கேட்டுட்டு வாங்க மேடம்" என்றார். சிரித்து வைத்தேன். கேட்டிருக்கலாம்.

10 மணி. குருவிகுளத்துக்கு முந்தின ஊர். ஐந்தாம் வகுப்பு.

"டீச்சர், உங்க வீட்டுல நாய் இருக்கா? கூப்பிட்டா வருமா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"இருக்கு. ஆனா எங்க மணிக்குக் காது மந்தம், கூப்பிட்டா வராது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

முப்பிடாதி என்ற சிறுமி மட்டும் எழுந்தாள். "எங்க சீனி வரும் டீச்சர். கூப்பிட்டா வார வரைக்கும் அவுத்து விடுதேன், வரலன்னா கட்டிப்போட்டுருவேன்னு அப்பா சொல்லியிருக்காரு."

சீனி அவளுடைய வெள்ளாடு. பள்ளிக்குப் பின்னால் தரிசில் மேய்ந்துகொண்டிருந்தது. அது வருவதைச் செல்போனில் படம்பிடிக்க எனக்கு ஆசை விடவில்லை, பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனேன். அவள் ஒரு கொத்து அகத்திக்குழையைப் பிடித்துக்கொண்டு, "ப்பே... ப்பே..." என்றாள். ஆடு ஓடி வந்து தின்றது. நான்தான் செல்போனில் பதிவுப் பொத்தானை அமுக்க மறந்திருந்தேன்.

"இன்னொரு தடவை கூப்பிடும்மா."

"குழை தீந்துட்டு டீச்சர். வெறுங்கையோட கூப்பிடக் கூடாது. அது நம்பித்தான வருது."

"ஒரே தடவை" என்றேன். கூப்பிட்டாள், வந்தது. பிள்ளைகள் குறுக்கே நின்று மறைத்துவிட்டார்கள். மறுபடியும் கூப்பிடச் சொன்னேன். சீனி மெதுவாக வந்து அவள் இரண்டு உள்ளங்கைகளையும் முகர்ந்தது. முகத்தை நிமிர்ந்து பார்த்தது. திரும்பிப் போய்விட்டது. படம் அருமையாக வந்திருந்தது.

மாலை 4.30. பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். எதிரே முப்பிடாதி, கை நிறையக் குழையோடு கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சீனி ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு பக்கத்து மக்காச்சோளத்துக்குள் நுழைந்தது. தோட்டக்காரர் போட்ட சத்தத்தில் அவள் அப்பா கயிற்றோடு வந்தார்.

நடந்ததைச் சொல்லி, தவறு என்னுடையது என்றேன்.

"நீங்க ஒண்ணும் நினைக்காதீங்க டீச்சர். ஆடுன்னா கட்டித்தான் கிடக்கணும்" என்றார், முடிச்சை இறுக்கியபடி. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை.

முப்பிடாதி அழவில்லை. பஸ் வரும்போது பக்கத்தில் வந்து கேட்டாள்: "டீச்சர், ஆட்டுகிட்ட மன்னிப்பு எப்படிக் கேக்கணும்?"

சுருட்டிய படங்கள் என் கையில்தான் இருந்தன. அவற்றில் அது இல்லை. பஸ்ஸில் ஏறிவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை, மதுரை. வீட்டு மூலையில் மணி படுத்திருந்தது. குளிப்பாட்டவும் ஊசி போடவும் எத்தனை தடவை அதை 'வா, வா' என்று ஏமாற்றியிருக்கிறேன்! பிஸ்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மிக மெதுவாக, ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன்.

காது சட்டென்று நிமிர்ந்தது. மணி எழுந்து வரவில்லை.