மேல்கோட்டுக்கு ஒரு எடை

"நூத்தி அறுபத்திரண்டு ராத்தல்! எறங்கும்மா, அடுத்த ஆள் வரட்டும்!"

தராசு மேடையில் நின்ற பள்ளி ஆசிரியைக்குக் காது மடல் சிவந்தது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். கத்பர்ட் பில்பீமுக்கு அது போதும், தின்ற காலை உணவு செரித்துவிடும்.

லண்டனுக்குத் தெற்கே இருந்த அந்த விமான மைதானத்தில், பாரிசுக்குப் போகும் ஆட்களையும் சரக்கையும் நிறுத்து எழுதுவது அவர் உத்தியோகம். இரண்டு எஞ்சினும் இரண்டடுக்கு இறக்கையும் பூட்டிய அந்த விமானம் இத்தனை ராத்தல்தான் தூக்கும் என்று கணக்கு உண்டு. பில்பீம் பார்ப்பதோ மேல்கோட்டுக் கணக்கு. நைந்த கோட்டு ஏறினால் எடையைக் கூவுவார். ரோமக் காலர் வைத்த கோட்டு ஏறினால் காதோடு சொல்வார், அதுவும் பத்து ராத்தல் தள்ளுபடியில்.

மார்ச் மாதத்தின் அந்தச் செவ்வாய்க்கிழமை, ஆசிரியைக்கு அடுத்து நின்றவர் சோப்பு ஆலை முதலாளி சர் லயனல் பிராஸ்டெட். மேடையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"நான் என்ன சந்தைப் பன்னியாய்யா, நிறுத்துப் பாக்க?"

"ஐயையோ, துரை! கொடி மாதிரி உடம்பு. கண்ணால பாத்தாலே போதுமே!"

அந்தக் கொடி இருநூற்றைம்பதுக்குக் குறையாது. பில்பீம் நூற்றெழுபது என்று எழுதினார். துரையின் மூன்று தோல்பெட்டிகளையும் நிறுக்காமலே கைப்பை என்று குறித்துக்கொண்டார்.

துரை ஏறியபோது படி முனகியதைக் கேட்டு, விமானி ஹாலம் எடைக் கணக்குத் தாளோடு வந்தான்.

"இதுல இருக்கிறது நெசந்தானா, பில்பீம்? ஒரு எஞ்சின் நின்னா மத்தது இழுத்துட்டு வரணும். விளையாட்டில்ல."

ஒரு வார்த்தை போதும், பெட்டிகள் இறங்கியிருக்கும். ஜன்னல் வழியே துரை பார்த்துக்கொண்டிருந்தார். பில்பீம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பதினாறு வருஷமா தராசு புடிக்கிற கை, கேப்டன். என்னையா சந்தேகப்படறீங்க?"

விமானம் மைதானம் முழுவதையும் ஓடித் தீர்த்து, வேலியை உரசிக்கொண்டு எழும்பியது. ஒரு மைல்கூடப் போயிருக்காது, இடப்பக்கத்து எஞ்சின் இருமி நின்றது. திரும்பி வரப் பார்த்தான் ஹாலம். ஒற்றை எஞ்சினால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியவில்லை. முட்டைக்கோசுத் தோட்டத்தில் வயிறு தேய விழுந்தது விமானம்.

பில்பீம் மூச்சிரைக்க ஓடி வந்தபோது, ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தான் ஹாலம். ஆசிரியை அவன் தலையைத் தாங்கியிருந்தாள். அவளுக்கும் உதடு கிழிந்திருந்தது. எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

"இப்பவாவது வாயத் தொறந்து சொல்லுய்யா," என்றான் ஹாலம். "அந்த ஆள் எவ்வளவு எடை?"

விமானத்தில் இருந்த ஒன்பது பேரும் பில்பீமைப் பார்த்தார்கள். துரையும் பார்த்தார், கணுக்கால்வரை சேற்றோடு.

பில்பீம் சேற்றில் மண்டியிட்டு, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவி, துரையின் வலது பூட்சைத் துடைக்க ஆரம்பித்தார்.