பூஞ்சைக்குப் பனங்கற்கண்டு

இரண்டு மாதம் நான் தயிரைத் தொடவில்லை. உள்ளாடையில் பார்த்ததைத் தட்டிலும் பார்க்கச் சகிக்கவில்லை. கெட்டியாக, வெள்ளையாக, சரியாக உறையாமல் திரிந்துபோன தயிரைப் போலவே இருந்தது. நாற்றம் என்று பெரிதாக இல்லை. நாறியிருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். கெட்டது நாறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. இது நாறவில்லை. அரித்தது. செவ்வெறும்புப் புற்றின்மேல் உட்கார்ந்துவிட்டவளைப் போல நாற்காலியில் நெளிந்துகொண்டே இருந்தேன்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு அது. மாதவிடாய் நின்று பத்தாண்டுகள் ஆகியிருந்தன. கணவர் போய் ஆறு ஆண்டுகள். உடம்பின் அந்தப் பகுதியை, முடிந்த கோப்பாகப் பதிவறைக்கு அனுப்பிவிட்டதாகவே நினைத்திருந்தேன். முடித்த கோப்பு மறுபடியும் மேசைக்கு வருவது பணியில் இருந்த காலத்திலேயே எனக்குப் பிடிக்காது.

முதலில் கழுவினேன். குளியல் சோப்பு, பிறகு துணி சோப்பு. மஞ்சள். வேப்பிலை வேகவைத்த தண்ணீர். கடைசியில், தரை துடைக்கும் வாளியில் ஊற்றுகிற கிருமிநாசினியில் இரண்டு மூடி. ஒரு நாளைக்கு ஐந்து முறை கழுவினேன். தோல் உரிந்து, நடந்தால் எரிந்தது. உள்ளாடைகளைத் தனி வாளியில் ஊறவைத்து, குச்சியால் கிளறித் துவைத்தேன். நான் உடுத்தியதைத் தொட எனக்கே கை வரவில்லை.

இத்தனையையும் ஒரு பயத்தோடு செய்தேன். அம்மாவுக்கும் வெள்ளையில்தான் தொடங்கியது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. கிழிந்த புடவைத் துண்டுகளை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். நாங்கள் கண்டுபிடித்துப் புதுச்சேரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, கர்ப்பப்பை வாயில் வந்த புற்று எங்கெங்கோ போயிருந்தது. அந்தத் துணிகளைக் கண்டெடுத்தவள் நான். முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே ஓடியவளும் நான்தான்.

அதனால் என்னை அரித்த ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான்: இது அம்மாவுடையதா?

அந்தக் கேள்வியோடு நேராக மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். சாதிச் சான்றிதழிலிருந்து பட்டா மாறுதல்வரை எந்தக் காரியத்துக்கு எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று இந்த ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் நான். போகவில்லை. சிங்கவரத்தில் இருக்கும் தங்கைக்குப் போன் செய்தேன். "உடம்பு சரியில்லடி" என்றேன். எங்கே என்று சொல்லவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் காலைப் பேருந்தில் ஒரு பை நுங்கும், காகிதப் பொட்டலத்தில் பனங்கற்கண்டும் கொண்டு வந்து இறங்கினாள்.

"இன்னாக்கா, வெள்ள படுதா?"

"மெதுவா பேசுடி. ஜன்னல் தெறந்திருக்குது."

"தெறந்திருந்தா இன்னா? ஊர்ல எவளுக்கு இல்ல? எல்லாம் சூடு. சுத்தி மூணு மலயும் பாறையா நிக்குது. பகல்ல வாங்குன வெயில ராத்திரி நம்ம மேலதான் கக்குது. இத்தினி வருசம் ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ குந்திக்கினு இருந்த. இப்ப வீட்ல வேகுற."

"அம்மாவுக்கு..."

"அம்மா பேச்ச எடுக்காத." குரல் மாறிவிட்டது. நுங்கைத் தோண்டிக்கொண்டே சொன்னாள்: "அது வேற, இது வேற. இது சூடுதான். பால்ல பனங்கற்கண்டு போட்டு ரெண்டு வேள குடி. சப்ஜா ஊறவச்சி கற்கண்டுத் தண்ணி குடி. எளநி குடி. பத்து நாள்ல நிக்கலன்னா என் மூக்க அறுத்துக்கோ."

இந்த ஊரில் காய்ச்சல், கண்வலி, கோபம், கல்யாணம் தள்ளிப்போவது எல்லாவற்றுக்கும் சூடுதான் காரணம். அதை வாழ்நாள் முழுக்கக் கேலி செய்தவள் நான். ஆனால் அன்றைக்குச் சூடு என்ற சொல் எவ்வளவு இதமாக இருந்தது! சூட்டினால் யாரும் சாவதில்லை. குடித்தேன். தங்கை சொன்னதைவிடக் கூடுதலாகவே குடித்தேன். காலையில் பால், பதினொரு மணிக்குக் கற்கண்டுத் தண்ணீர், மதியம் இளநீர், சாயங்காலம் மறுபடியும் பால். தாகம் வேறு அடங்கவே இல்லை. அதுவும் சூடு என்றே நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் அரிப்பு இரண்டு மடங்கானது. தங்கையின் மூக்கு அவள் முகத்திலேயே இருந்தது.

அடுத்துச் செய்தது அதைவிட மோசம். கடைவீதி மருந்துக்கடைக்குப் போனேன். பக்கத்தில், என்னிடம் ஒரு காலத்தில் வருமானச் சான்றிதழ் வாங்கிய பள்ளி ஆசிரியர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வணக்கம் வேறு வைத்தார்.

"மேடம், உங்களுக்கு இன்னா வேணும்?" என்றான் கடைக்காரன்.

"நீர்க்கடுப்பு" என்றேன்.

"எத்தினி நாளா?"

"நாலு நாள்."

இரண்டுமே பொய். என் மேசைக்கு இப்படி ஒரு மனு வந்திருந்தால், "மனுதாரரின் கோரிக்கையில் தெளிவு இல்லை" என்று எழுதித் திருப்பியிருப்பேன். கடைக்காரனுக்கு அந்தக் கண்டிப்பெல்லாம் இல்லை. ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை கத்தரித்துக் கொடுத்தான். பக்தியோடு விழுங்கினேன். ஐந்தாம் நாள் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தோல் சிவந்து வெடித்து, வெள்ளை அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. சோற்றைப் பிசையும்போது அது நினைவுக்கு வந்து, எழுந்துபோய் வாந்தி எடுத்தேன்.

ஆறாம் நாள் அரசு மருத்துவமனையில் போய் வரிசையில் நின்றேன். சீட்டுப் போடுகிற பெண், "ஆயா, இன்னா பண்ணுது?" என்றாள். யாருக்கடி ஆயா என்று கேட்கும் தெம்பு இல்லை. எனக்குப் பின்னால் இருபது பேர். அத்தனை பேருக்கும் காது இருந்தது. "வெள்ளை படுது, அரிக்குது" என்றேன். அவள் முகத்தை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டு, "ஆறாம் நம்பர் ரூம்" என்றாள். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. பின்னால் நின்ற அம்மாள் கொட்டாவி விட்டாள்.

ஆறாம் எண் அறையில் இருந்த மருத்துவர் என் பெண்ணாக இருக்கக்கூடிய வயதுக்காரர். கால்களை மடக்கிப் படுக்கச் சொன்னார். கிழிந்த ரெக்சின் மெத்தையில், எனக்கு முன்னால் படுத்தவளின் வியர்வை காயவில்லை. இரும்புக் கருவியின் குளிர்ச்சி. கூரையில் ஒரு பல்லி. எனக்கு எல்லாமே குமட்டியது, நான் உட்பட.

"எத்தனை தடவை கழுவுறீங்கம்மா?"

"அஞ்சு."

"எதால?"

சொன்னேன். கிருமிநாசினியைச் சொன்னபோது அவர் கை நின்றுவிட்டது.

"அது தரைக்கும்மா."

"தெரியும். பாட்டில்ல எழுதியிருக்குது."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கண்ணாடித் துண்டில் கொஞ்சம் தேய்த்து எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார். கருவி காட்டிய எண் முந்நூறைத் தாண்டியிருந்தது.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்குதுன்னு தெரியுமா?"

"இல்லையே. நான் இனிப்பே சாப்பிடறதில்ல."

"பால், டீ?"

"பால்ல பனங்கற்கண்டுதான்..." என்று தொடங்கியவள் அங்கேயே நிறுத்திவிட்டேன்.

கை கழுவிக்கொண்டு வந்து அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். இது ஒரு பூஞ்சை. வெளியிலிருந்து வந்த எதிரி அல்ல. பெண்கள் பலரின் உடம்பிலும் கொஞ்சமாக, வாலைச் சுருட்டிக்கொண்டு இருப்பதுதான். கூடவே இருக்கும் நல்ல கிருமிகள் அதை வளரவிடாமல் வைத்திருக்கும். சோப்பு உள்ளே போனால் அந்த ஏற்பாடு குலையும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் நல்ல கிருமிகளும் சேர்ந்து சாகும். உடம்பில் சர்க்கரை ஏறியிருந்தால் பூஞ்சைக்குத் தினமும் விருந்து. மாதவிடாய் நின்றவர்களுக்கு இது அவ்வளவாக வராது. வந்தால் முதலில் சர்க்கரையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆக, காவலரை நானே மாத்திரை போட்டுக் கொன்றுவிட்டு, திருடனுக்குப் பனங்கற்கண்டுப் பால் ஊட்டியிருக்கிறேன். பனங்கற்கண்டு குளிர்ச்சி, சர்க்கரைக்காரர்களுக்கும் ஒன்றும் செய்யாது என்று இங்கே படித்தவர்களும் சொல்வார்கள். பூஞ்சைக்கு அந்த வேறுபாடெல்லாம் தெரியாது.

"அழுக்குனால வர்றது இல்லம்மா. இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல" என்றார் மருத்துவர்.

"எங்கம்மா கர்ப்பப்பை வாய்ப் புற்றுல போனாங்க" என்றேன். அந்த அறையில் அதுதான் நான் கேட்க வந்த கேள்வி. கேள்வியாக வரவில்லை.

பார்த்தவரையில் புண் எதுவும் தெரியவில்லை என்றார். இருந்தாலும் கர்ப்பப்பை வாயிலிருந்து தனியாக ஒரு மாதிரி எடுத்து அனுப்புவோம், முடிவு வர நாளாகும் என்றார். மறுபடியும் படுத்தேன். பல்லி அங்கேயேதான் இருந்தது.

மருத்துவம் வெட்கக்கேடான அளவுக்கு எளிமையாக இருந்தது. ஆறு நாளைக்குப் படுக்கப்போகும்போது உள்ளே வைக்க ஒரு மாத்திரை. வெளியே தடவ ஒரு களிம்பு. வெறும் தண்ணீரில் கழுவி ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். பருத்தி உள்ளாடை. சர்க்கரைக்குத் தினமும் மாத்திரை. உள்ளே வைக்கும் மாத்திரையை விரலால் தள்ள முதல் நாள் அரை மணி நேரம் ஆயிற்று. கரைந்து மறுநாள் வெள்ளையாக வழிந்தது. வியாதிக்கும் மருந்துக்கும் நிறத்தில்கூட வேறுபாடு இல்லை. மூன்றாம் நாள் அரிப்பு குறைந்தது. ஏழாம் நாள், நாற்காலியில் மற்றவர்கள் உட்காருவதைப் போல உட்கார்ந்தேன். ஆனால் அந்த இன்னொரு மாதிரியின் முடிவு வரும்வரை, தபால்காரரின் சைக்கிளைக் கண்டாலும் வாசலுக்கு ஓடினேன். மருத்துவமனை முடிவு தபாலில் வராது என்று நன்றாகத் தெரிந்திருந்தும்.

மூன்றாவது வாரம் மருத்துவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா" என்றார். நானும் வாங்கி இரண்டு முறை படித்தேன். பெயர், வயது, மாதிரி எண் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். சரியாகவே இருந்தன.

வீட்டுக்குப் போகாமல் சிங்கவரம் பேருந்தில் ஏறினேன். தங்கை வீட்டில் அவள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் கட்டிலில் படுத்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். தாளைக் காட்டினேன்.

"புற்று இல்லடி. வெறும் பூஞ்சை. எனக்கு சக்கர நோய்."

அவள் கடலையைக் கீழே வைத்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள்.

"இன்னாடி இது, ஒண்ணும் இல்லன்னுதான எழுதியிருக்குது?"

"உனக்கு இல்ல" என்றாள். "எனக்கு ரெண்டு வருசமா இருக்குதுக்கா. அப்பப்ப ரத்தக் கறயும் வருது. சூடு சூடுன்னு நானும் அதத்தான் குடிச்சிக்கினு இருக்கறேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவள்மேல், அரிசிப் பானைமேல், என்மேல். ரத்தம் என்றால் பூஞ்சை என்று நினைத்துக்கொண்டு இருக்கக் கூடாது என்பது அந்த மூன்று வாரத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. கத்த வாயெடுத்து, கத்தாமல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற."

"உள்ள எப்புடிக்கா பாப்பாங்க? வலிக்குமா?"

சொன்னேன். மெத்தையின் வியர்வையிலிருந்து இரும்பின் குளிர்ச்சிவரை, எதை எங்கே வைப்பார்கள், எதை எப்படிச் சுரண்டி எடுப்பார்கள் என்று ஒன்று விடாமல், சத்தமாகவே சொன்னேன். தங்கையின் கணவர் செல்போனை மடியில் கட்டிக்கொண்டு, கடைப்பக்கம் ஏதோ வேலை இருப்பதாக முணுமுணுத்தபடி எழுந்தார்.

"குந்துங்க மாமா," என்றாள் தங்கை, மூக்கைச் சிந்திக்கொண்டே. "நாளைக்கு வண்டி ஓட்டப்போறது நீங்கதான்."